கார்டில் கீழே இருக்கும்போது காலைப் பூட்ட வந்தால்: லெக் லாக் தற்காப்பு

கொருக்குப்பேட்டை கபடி

அனைவருக்கும் வணக்கம். கபடி ஆடிப் பழகிய உடம்போடு, தரையில் மல்லுக்கட்டி எதிராளியின் மூட்டைப் பூட்டும் ஜியு-ஜிட்சுவுக்கு வந்து புளூ பெல்ட் வரை (வரிசை: ஒயிட், புளூ, பர்ப்பிள், பிரவுன், பிளாக்) எட்டியவன் நான். என் கேள்வி ஒரே நிலையைப் பற்றியது. ஓபன் கார்டில், அதாவது மல்லாந்து படுத்து, எதிராளியைச் சுற்றிப் பூட்டாத கால்களால் அவரைத் தடுக்கும் நிலையில், நான் கீழே இருக்கிறேன். என் ஒரு பாதம் எதிராளியின் இடுப்பிலும் மற்றொன்று அவருடைய தொடையிலும் ஊன்றியிருக்கிறது. நின்றுகொண்டிருப்பவர் கார்டைக் கடக்க முயலாமல், என் கணுக்காலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்து அமர்கிறார். அடுத்த கணத்தில் அவருடைய கால்கள் என் தொடையைச் சுற்றிக்கொள்கின்றன, கை குதிகாலைத் தேடுகிறது.

கபடியில் கணுக்காலைப் பிடித்தால் ரெய்டர் என்ன செய்வார் என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்: உடம்பை முறுக்கிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்வார். என் உடம்பும் அதையே செய்யத் துடிக்கிறது. வகுப்பில் எனக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. காலை உடனே உருவிக்கொள் என்கிறார் ஒருவர். எழுந்து அவர்மேல் ஏறு என்கிறார் இன்னொருவர். இவற்றில் எது சரி, எந்தத் தருணத்தில் சரி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பெரம்பூர் பிரவுன் பெல்ட்

தம்பி, உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது வெவ்வேறு கட்டங்களைப் பற்றி. எதிராளி எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதை முதலில் அறிந்துகொண்டால், எதைச் செய்வது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

முதல் கட்டத்தில் உங்கள் கணுக்கால் அவருடைய அக்குளில் இருக்கிறது, ஆனால் அவர் இன்னும் நிற்கிறார், அவருடைய கால்கள் உங்கள் காலைச் சுற்றவில்லை. இந்தக் கட்டத்தில் மட்டும்தான் காலை உருவுவது பயன்தரும். அப்போதும் நீட்டிய காலை நேராகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, அதை உங்கள் மார்பை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பாதம் அதன் பின்னாலேயே வந்துவிடும். அதே சமயம் அவருடைய மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடித்திருக்க வேண்டும். உண்மையில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது: கையில் எந்தப் பிடியும் இல்லாமல், காலை நீட்டி, பாதத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருடைய கால்தான் முதலில் பறிபோகும். இடுப்பில் பாதம் வைப்பது தவறன்று. கைகள் சும்மா இருக்கும்போது வைப்பதுதான் தவறு.

இரண்டாம் கட்டத்தில் அவர் அமர்ந்துவிட்டார். உங்கள் ஒரு காலை அவருடைய இரு கால்களும் பின்னியிருக்கின்றன. ஆஷி கராமி என்று சொல்லப்படும் நிலை இது. அவருடைய இரு முழங்கால்களும் உங்கள் தொடையை, முழங்காலுக்குச் சற்று மேலே, இறுக்கிப் பிடித்திருக்கும். இப்போது பாதத்தை இழுத்தால் என்ன நடக்கும்? மேலே தொடை அசையாது, கீழே பாதம் மட்டும் நகரும், நீங்களாகவே குதிகாலை அவருடைய கைக்குள் கொண்டுபோய் வைப்பீர்கள். எனவே இங்கே மீட்க வேண்டியது பாதத்தை அன்று, முழங்காலை. முழங்கால் அவருடைய தொடைகளின் இறுக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டால், குதிகால் அவர் கையிலேயே இருந்தாலும் முறுக்கு முழங்காலுக்கு ஏறாது. பயிற்சியாளர்கள் முழங்கால் கோடு என்று குறிப்பிடுவது இந்த எல்லையைத்தான்.

அதைச் செய்யும் முறை: அவருடைய வெளிப்பக்கப் பாதம் உங்கள் இடுப்பில் ஊன்றி, உங்களை நெருங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். முதலில் அந்தப் பாதத்தைக் கையால் கீழே தள்ளி விலக்குங்கள். அது விலகிய கணத்திலேயே இடைவெளியைக் காக்கும் அவருடைய ஆற்றல் போய்விடுகிறது. பிறகு சுதந்திரமாக இருக்கும் உங்கள் மற்றொரு பாதத்தை அவருடைய பிட்டத்தின் அடிப்பகுதியில் ஊன்றி உதைத்துக்கொண்டு, இடுப்பைப் பின்னுக்கு நகர்த்தலாம். அல்லது உடம்பை முன்னே கொண்டுவந்து அவர்மேல் எழலாம். இரண்டாவது அறிவுரை பொருந்துவது இந்த இடத்தில்தான். அவர் மேலே நின்ற நிலையைத் தாமாகவே விட்டுக்கொடுத்துப் படுத்திருக்கிறார். எழுந்து மேலே வருவது தற்காப்பாகவும் இருக்கும், சில சமயம் ஸ்வீப்பாகவும் (கீழே இருந்தவர் நிலையை மாற்றி மேலே வருவது) முடியும்.

மூன்றாம் கட்டத்தில் குதிகால் அவருடைய முன்கையில் மாட்டிவிட்டது. இப்போது உங்கள் இரு கைகளும் அவருடைய ஒரு கையின்மீது இருக்க வேண்டும், குறிப்பாக அவருடைய இரு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதற்கு முன்னால். கோத்துவிட்டால் டேப் செய்யுங்கள், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அங்கே ஆராய்வதற்கு ஒன்றுமில்லை.

கபடிப் பாய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கபடியில் உங்களைப் பிடிப்பவர் உங்கள் கணுக்காலை அசையாமல் நிறுத்தத்தான் பார்க்கிறார்; முழங்காலை முறுக்க அல்ல. அதனால் அங்கே உடம்பைத் திருப்பிப் பாய்வது தப்பும் வழி. இங்கே உங்கள் பாதம் ஒரு நெம்புகோல். அதைப் பிடித்தவருக்கு எதிர்த் திசையில் உங்கள் உடல் முழுவதும் திரும்பினால், முறுக்குகிற வேலையின் பாதியை நீங்களே செய்து கொடுத்தவர் ஆவீர்கள்.

ராயபுரம் ரிங்சைடு

நான் குத்துச்சண்டையிலிருந்து வந்தவன், அதனால் என் பார்வை வேறாக இருக்கலாம். குதிகாலைப் பிடித்துத் திருகி முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக் இவ்வளவு ஆபத்தானது என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படியானால் ஒயிட் பெல்ட்களும் புளூ பெல்ட்களும் கலந்து பயிலும் கூடத்தில் அதை முழுவதுமாகத் தடைசெய்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது அல்லவா? வடசென்னையில் மேட்டுக்கு (பயிற்சி விரிப்புக்கு) வருபவர்களில் பலர் துறைமுகத்திலும் பட்டறைகளிலும் உடலுழைப்பை நம்பிப் பிழைப்பவர்கள். முழங்கால் போனால் அவர்களுக்குப் பதக்கம் அன்று, கூலி போகிறது. போட்டி விதிகளே புதியவர்களுக்கு அதை அனுமதிப்பதில்லை என்னும்போது, கற்றுக்கொடுக்க என்ன அவசரம்?

பெரம்பூர் பிரவுன் பெல்ட்

நியாயமான கேள்வி, அண்ணா. விதிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெருமளவு சரி. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். நடத்தும் போட்டிகளில் ஹீல் ஹூக் 2021 முதல்தான் அனுமதிக்கப்படுகிறது, அதுவும் நோ-ஜி (ஜி என்னும் பருத்திச் சீருடை அணியாத) பிரிவில், வயதுவந்த பிரவுன், பிளாக் பெல்ட்களுக்கு மட்டும். ஜி அணிந்த போட்டிகளில் எந்த பெல்ட்டுக்கும் கிடையாது. நீபாரும் (முழங்காலை நேராக நீட்டிப் பூட்டுவது) டோ ஹோல்டும்கூட (கால்விரல் பக்கம் பிடித்துப் பாதத்தை முறுக்குவது) பிரவுன் பெல்ட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் நேர்க் கணுக்கால் பூட்டு வயதுவந்த ஒயிட் பெல்ட்டுக்கே அனுமதிக்கப்பட்டது. அதற்குள் நுழையும் வழியும் ஹீல் ஹூக்குக்குள் நுழையும் வழியும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே நுழைவிலிருந்து தப்பத் தெரியாத புதியவர், எந்த விதியின் கீழ் ஆடினாலும் அந்தப் பின்னலுக்குள் வந்துதான் சேர்வார்.

இன்னொன்றும் இருக்கிறது. காலைத் தாக்குவதை இப்போது பலவீனர்களின் சூழ்ச்சி என்று யாரும் ஒதுக்குவதில்லை. ஏ.டி.சி.சி. என்னும் நோ-ஜி மல்லுக்கட்டு உலகப் போட்டியில், 2019இல், 77 கிலோ எடைப் பிரிவைச் சேர்ந்த லாக்லன் ஜைல்ஸ், எடை வரம்பில்லாத பிரிவில் தம்மைவிட மிகவும் கனத்த மூவரை ஹீல் ஹூக்கால் வென்று வெண்கலம் பெற்றார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் மேட்டுக்கு வரும் இளைஞர்கள் இதைக் காணொளிகளில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நம் கூடத்தில் தடை போட்டால், வெளியூர்க் கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும் பையன் முதன்முறையாக அங்கேதான் அதைச் சந்திப்பான்.

முழங்கால் பயிற்சி மருத்துவம்

நான் பிசியோதெரபிஸ்ட், வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன், வார இறுதிகளில் மேட்டில் இருப்பேன். மேலே பெரம்பூர் அண்ணா குறிப்பிட்ட ஜைல்ஸ் முழங்கால் வலி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த பிசியோதெரபிஸ்ட்டும் ஆவார். காலைத் தாக்குவதில் பெயர் பெற்ற ஒருவர் முழங்காலையே தொழிலாகப் படித்தவராக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

முழங்கால் முதன்மையாக மடங்கவும் நிமிரவும் அமைந்த மூட்டு. முழுவதும் நீட்டிய நிலையில் அது பக்கவாட்டில் சுழல்வதற்கு ஏறத்தாழ இடமே இல்லை. மடக்கிய நிலையில் ஓரளவு சுழலும். ஹீல் ஹூக்கில் குதிகாலைத் திருப்பும்போது கணுக்கால் கொஞ்சம் சுழன்று கொடுக்கிறது, அது தீர்ந்தவுடன் மீதி முழுவதும் முன்கால் எலும்பு வழியாக முழங்காலுக்கு ஏறுகிறது. வெளிப்பக்க ஹீல் ஹூக்கில் கால்விரல்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. உட்பக்க ஹீல் ஹூக்கில் வெளிநோக்கித் திரும்புகின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்காலுக்குள் குறுக்காகச் செல்லும் ஏ.சி.எல். ஜவ்வு, பக்கவாட்டு ஜவ்வுகள், நடுவிலுள்ள மெனிஸ்கஸ் குருத்தெலும்பு ஆகியவை ஆபத்துக்கு உள்ளாகின்றன.

தற்காப்பைப் பற்றிப் பேசும்போது இதைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஆர்ம்பாரில் முழங்கை நீளும்போது வலி படிப்படியாக ஏறும். டேப் செய்ய நேரம் கிடைக்கும். ஹீல் ஹூக்கில் வலியை நம்பக் கூடாது. வலி தெரியும்போது சேதம் தொடங்கியிருக்கலாம். எனவே டேப் செய்வதற்கான அடையாளம் வலி அன்று, நிலை: குதிகால் மாட்டிவிட்டது, முழங்கால் கோட்டுக்குள் இருக்கிறது, அவருடைய கைகள் கோத்துவிட்டன. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால், ஒன்றும் வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். முழுவதும் அறுந்த ஏ.சி.எல். பொதுவாகத் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. அறுவைச் சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். மெனிஸ்கஸின் உட்பகுதிக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அங்கே ஏற்படும் கிழிசல் எளிதில் ஆறாது. ராயபுரம் அண்ணா கூலியைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

திருவொற்றியூர் ஒயிட் பெல்ட்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். நேர்க் கணுக்கால் பூட்டுக்கு எதிராகக் கால்விரல்களை மேல்நோக்கி இழுத்து, பூட்ஸ் போட்டதுபோல் பாதத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். அது எனக்கு நன்றாகவே உதவுகிறது. ஹீல் ஹூக்குக்கும் அதையே செய்யலாமா?

பெரம்பூர் பிரவுன் பெல்ட்

கூடாது, தம்பி. நல்ல வேளையாகக் கேட்டீர்கள்.

நேர்க் கணுக்கால் பூட்டில் அவருடைய மணிக்கட்டு எலும்பு உங்கள் குதிநாணில் அழுந்துகிறது, பாதம் கீழ்நோக்கி வளைக்கப்படுகிறது. கால்விரல்களை மேலே இழுத்தால் அந்த வளைவை எதிர்க்கிறீர்கள். அத்துடன் பாதத்தை அவருடைய அக்குள் வழியாக இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினால், அவருடைய பிடி கணுக்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறிவிடும். அங்கே அவர் எவ்வளவு நெரித்தாலும் பூட்டு முழுமை பெறாது. தள்ளிக்கொண்டே எழுந்து அவர்மேல் வருவது எளிது.

ஆனால் கால்விரல்களை மேலே இழுக்கும் அதே அசைவு குதிகாலைத் துருத்திக்கொண்டு வெளியே நிற்கவைக்கிறது. ஹீல் ஹூக் தேடுபவருக்கு அது கைப்பிடி. அங்கே குதிகாலை மறைப்பதுதான் வேலை: பாதத்தை மேட்டில் அழுத்தியோ அவருடைய உடம்போடு ஒட்டியோ வைத்து, முன்கை நுழைய இடம் தராமல் இருக்க வேண்டும். எந்தப் பூட்டு வருகிறது என்று தெரியாமல் பழக்கத்தின் பேரில் பூட்ஸ் போடுபவர்கள், கணுக்கால் பூட்டிலிருந்து தப்பி ஹீல் ஹூக்கில் விழுகிறார்கள். உங்கள் பெல்ட்டில் போட்டி ஆடும்வரை இந்தச் சிக்கல் வராது. நோ-ஜி ஓபன் மேட்டுக்குப் போகும் நாளில் வரும்.

நீபாரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிராளி உங்கள் கால் பக்கமாகத் திரும்பி, முழங்காலைத் தம் இடுப்புக்குக் குறுக்கே நீட்டப் பார்த்தால், உடனே காலை மடக்கி அந்தப் பாதத்தை உங்கள் மற்றொரு முழங்காலுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, அவருடைய முதுகுப் பக்கமாக எழுந்து அமருங்கள். டோ ஹோல்டில் காலை உதைத்து நீட்டுவது பெரும்பாலும் போதும்.

கொருக்குப்பேட்டை கபடி

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இரண்டு இடங்களில் இன்னும் தெளிவு வேண்டும். முதலாவது, உருளுவது. குதிகால் மாட்டிய பிறகு வேகமாக உருண்டு தப்பும் வீரர்களைக் காணொளிகளில் பார்க்கிறோம். அது நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றதா? இரண்டாவது, சேடில் நிலை. அதில் எதிராளியின் கால் என் இரு கால்களுக்கும் நடுவே குறுக்காக வந்து, என் கால் அவருடைய மறுபக்க இடுப்புக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது. அங்கே எழுந்து மேலே வர முயன்றால் முழங்காலில் ஒரு திருகல் உணர்வு ஏற்படுகிறது. மேலே சொன்ன முறை அங்கே செல்லுபடியாகுமா?

முழங்கால் பயிற்சி மருத்துவம்

உருளுவதில் அடிப்படை ஒன்றுதான்: கால்விரல்களை அவர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ, உங்கள் உடம்பும் அதே பக்கம், அதே வேகத்தில் திரும்பினால் முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகள் சேர்ந்து சுழலும், முறுக்கு தேங்காது. எதிர்ப்பக்கம் உருண்டால் தொடை ஒரு பக்கமும் முன்கால் மறுபக்கமும் போகும், இடையில் சிக்குவது ஜவ்வு. அவசரத்தில் எது எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரமிருக்காது. மெதுவாகப் பல முறை பழகி, திசை உடம்பிலேயே பதிந்தவர்கள் மட்டும் உருள வேண்டும் என்பது என் கருத்து. திறமையான எதிராளி உங்களுடனேயே உருண்டு வந்து பிடியை இன்னும் இறுக்குவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரம்பூர் பிரவுன் பெல்ட்

சேடில் பற்றி: நீங்கள் உணர்ந்த திருகல் உண்மையானது, அதை மதியுங்கள். அவருடைய கால்கள் உங்கள் தொடையைச் சுற்றி முக்கோணமாகப் பூட்டியிருக்கும்போது உடம்பின் எடையை முன்னே கொண்டுவந்தால், அந்த எடை முறுக்கிய முழங்காலின்மேல் இறங்கும். எனவே அங்கே வரிசை மாறுகிறது. முதலில் கைகளால் குதிகாலைக் காத்துக்கொண்டு, அவருடைய மேல் முழங்காலைக் கீழே தள்ளிப் பூட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு இடுப்பைப் பின்னுக்கு நகர்த்தி முழங்காலை வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பின்புதான் எழுவது. சுதந்திரமாக இருக்கும் இரண்டாவது காலை நடுவில் சும்மா கிடக்க விடாதீர்கள். அவர் அதையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் உருளவும் முடியாது, எழவும் முடியாது.

ராயபுரம் ரிங்சைடு

வாதத்தை ஓரளவு ஏற்கிறேன். நுழைவைத் தடுக்கக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பூட்டை முடிப்பதைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. குத்துச்சண்டைக் கூடத்தில் புதிதாக வந்தவனை முதல் வாரமே முழு வேகத்தில் மோதவிடும் மாஸ்டரை யாரும் மெச்சுவதில்லை. நம் கூடங்கள் பலவும் தகரக் கூரையின் கீழ் இயங்குபவை; மே மாதத்தில் பத்து நிமிடத்திலேயே உடம்பு சோப்பு போட்டதுபோல் வழுக்கும். வழுக்கும் காலை விடக் கூடாது என்ற பதற்றத்தில் புதியவன் ஒரே இழுப்பாகத் திருகிவிடுவான். அப்போது டேப் செய்ய நேரம் எங்கே?

மாதவரம் மேட்

பயிற்சியாளன் என்ற முறையில் ராயபுரம் அண்ணனின் கவலைக்கு எங்கள் கூடத்தில் நாங்கள் கண்டிருக்கும் வழியைச் சொல்கிறேன். கீழே இருப்பவர் ஓபன் கார்டில். நிற்பவர் கணுக்காலை அக்குளில் வைத்தபடி தொடங்குவார். நிற்பவருடைய இலக்கு பின்னே சரிந்து பின்னலைப் பூட்டி, குதிகாலைப் பிடித்து, கைகளைக் கோப்பது வரைதான். கோத்தவுடன் அவர் வாயால் பிடித்தேன் என்று சொல்லிவிட்டுப் பிடியை விட வேண்டும். திருகுவதற்கு அனுமதி இல்லை. கீழே இருப்பவர் முழங்காலை விடுவித்தாலோ எழுந்து மேலே வந்தாலோ அவர் வென்றதாகக் கொள்வோம். இப்படி ஆடும்போது தாக்குபவர் பிடியைக் கற்கிறார், தற்காப்பவர் பயமின்றி எல்லாக் கட்டங்களையும் பலமுறை கடக்கிறார், யாருடைய முழங்காலும் முறுக்கப்படுவதில்லை. திருகி முடிப்பதை பர்ப்பிள் பெல்ட் ஆனவர்களுக்கு மட்டும், அதுவும் மெதுவாக, தனியே கற்றுக்கொடுக்கிறோம்.

புதிதாகச் சேரும் கபடி ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பயிற்சியை நான் கூடுதலாகக் கொடுக்கிறேன். அவர்களுக்கு இடுப்பு வலிமையும் எழுந்து நிற்கும் வேகமும் மற்றவர்களைவிட அதிகம். இரண்டாம் கட்டத்தில் எழுந்து மேலே வருவது அவர்களுக்கு எளிதில் கைகூடும். பிடிபட்டவுடன் திரும்பிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். எதிராளிக்கு முதுகைக் காட்டாமல், மார்பை அவர் பக்கமாகவே வைத்துக்கொண்டு எழச் சொல்கிறேன்.

திருவொற்றியூர் ஒயிட் பெல்ட்

மாஸ்டர், ஜி அணிந்து பயிலும் நாள்களில் முழங்காலை வெளியே எடுப்பது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. நோ-ஜியில் நழுவி வந்துவிடும் கால், ஜியில் சிக்கிக்கொள்கிறது.

மாதவரம் மேட்

பருத்தித் துணி துணியோடு உராய்ந்து பிடித்துக்கொள்வதால் அப்படித்தான் இருக்கும், தம்பி. வியர்வை செய்து தரும் உதவி ஜியில் கிடையாது. ஆனால் துணி உங்களுக்கும் பிடி தருகிறது: அவர் பின்னே சரியத் தொடங்கும்போதே காலரை இரு கைகளாலும் பற்றிக்கொள்ளுங்கள். அவர் படுக்கப் படுக்க உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போவார். அவருடைய பாதம் உங்கள் இடுப்பில் ஊன்றுவதற்குள் நீங்கள் எழுந்திருப்பீர்கள். காலரை விட்டுவிட்டுக் காலைக் கவனித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். செவ்வாய்க்கிழமை ஜி வகுப்புக்கு வாருங்கள், காலர் பிடியிலிருந்தே தொடங்குவோம்.